தாஸ்காவில் காலியாகும் தட்டு

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் அவன் தாஸ்காவில் (குழந்தைகள் காப்பகத்தில்) இருக்கிறான். வீட்டில் அவன் சாப்பிடுவது மூன்றே மூன்று: கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றிய வெறும் சோறு, பொரித்த முட்டை, நகட். காய்கறியைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். மாமியார் தட்டோடு பின்னாலேயே நடக்கிறார். நான் கைப்பேசியில் கார்ட்டூன் போட்டு ஊட்டுகிறேன். கணவர் அதட்டுகிறார். ஒரு மணி நேரம் போராடி, கடைசியில் அவனும் அழுது நானும் அழுது முடிகிறது. ஆனால் தாஸ்கா ஆசிரியை, “சாவிக் கீரை சூப்பை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சான்” என்கிறார். நான் நம்பாததால் படமும் எடுத்து அனுப்பினார். அங்கே சாப்பிடுகிறவன் வீட்டில் ஏன் சாப்பிடுவதில்லை? எங்களை ஏய்க்கிறானா?
— ஒரு வாசகி, பெட்டாலிங் ஜெயா

பதில்:

பிள்ளை ஏன் சாப்பிட மறுக்கிறது என்று கேட்டு வரும் கடிதங்கள் ஏராளம். ஓரிடத்தில் சாப்பிடும் பிள்ளை இன்னோரிடத்தில் ஏன் மறுக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நீங்கள் அப்படிக் கேட்டிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. தாஸ்காவில் இருக்கும்போதும் வீட்டில் இருக்கும்போதும் அவனுக்கு அதே நாக்கு, அதே வயிறு. சாவிக் கீரையும் அதே கீரைதான். மாறுவது மேசையும் அதைச் சுற்றி இருப்பவர்களும். ஆகவே காரணத்தை அவனுக்குள் தோண்டாமல் மேசையைச் சுற்றித் தேடுவோம்.

அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை ஓரங்கட்ட வேண்டும். “அடம் பிடிக்கிறான்”, “செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு”, “வயித்துல பூச்சி இருக்கும்”, “யார் கண்ணோ பட்டிருக்கு” என்று நம் வீடுகளில் சாப்பிடாத பிள்ளைக்கு நான்கு விளக்கங்கள் தயாராக இருக்கும். முதல் இரண்டும் தாயின் தலையில்தான் விடியும். பூச்சி இருந்தால் தாஸ்காவிலும்தானே பசி மந்தமாக வேண்டும்? அடமோ ஏய்ப்போ என்று சொல்வதற்கும் மூன்றரை வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு நீண்ட திட்டம் கிடையாது. அவன் இரு இடத்திலும் நேர்மையாகவே நடந்துகொள்கிறான். அங்கே சாப்பிட வேண்டும் போல இருக்கிறது, சாப்பிடுகிறான். இங்கே அப்படி இல்லை.

நீங்கள் தனியாகவும் இல்லை. சிங்கப்பூரில் 1 முதல் 10 வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் 407 பேரைக் கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேர் தங்கள் பிள்ளை எப்போதுமோ சில சமயமோ சாப்பாட்டில் தேர்ந்து பொறுக்குகிறது என்றே சொன்னார்கள். பாதிப் பிள்ளைகளிடம் காணப்படுவதை நோய் என்றோ வளர்ப்புக் குறை என்றோ சொல்வது பொருந்தாது.

இந்த வயதில் இயற்கையாகவே இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. ஒன்று, பசி குறைகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, நடுத்தர எடையுள்ள ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3 கிலோ, முதல் பிறந்தநாளில் 9.6 கிலோ. ஒரே வருடத்தில் ஆறு கிலோவுக்கு மேல் ஏறுகிறது. மூன்று வயதில் 14.3 கிலோ, நான்கு வயதில் 16.3 கிலோ; ஒரு வருடம் முழுக்க ஏறுவது இரண்டு கிலோதான். உடம்பு மெதுவாக வளரும்போது அது கேட்கும் சோறும் குறைவுதான். குழந்தை கொழுகொழுவென்று வாங்கிச் சாப்பிட்ட முதல் வருடத்தை நினைவில் வைத்துக்கொண்டு நாம் தட்டை நிரப்புகிறோம். இந்த வயதுக்கு ஒவ்வொரு பதார்த்தத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது போதுமான தொடக்கம். உங்கள் மகனுக்கு மூன்று கரண்டி சோறு, மூன்று கரண்டி பருப்பு, கொஞ்சம் காய். வேண்டுமென்றால் அவனே இன்னும் கேட்பான்.

இரண்டாவது, புதிய உணவைக் கண்டு பயம் வருகிறது. இதற்கு ஆய்வாளர்கள் நியோஃபோபியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அறியாத உணவை வாயில் வைக்கத் தயங்குவது என்று பொருள். சுமார் இரண்டு வயதில் தலைதூக்கி, ஆறு வயது வரை ஓங்கியிருந்து, பிறகு மெல்லத் தணியும். ஏன் சரியாக அந்த வயதில்? குழந்தை தானாக நடந்துபோய்க் கைக்கு எட்டியதை வாயில் போடத் தொடங்கும் வயது அது. காட்டிலும் மேட்டிலும் வாழ்ந்த காலத்தில், கண்ட இலையையும் காயையும் தின்னாமல் தயங்கிய குழந்தை பிழைத்திருக்கும். அந்தத் தயக்கம்தான் இன்று உங்கள் வீட்டு மேசையில் தட்டைத் தள்ளுகிறது. பிரிட்டனில் 5,390 இரட்டையர் ஜோடிகளை வைத்து 2007இல் வெளியான ஆய்வு, பிள்ளைகளுக்கிடையே இந்தப் பயத்தில் காணப்படும் வேறுபாட்டில் 78 விழுக்காடு பரம்பரையால் வருவது என்று கணித்தது. உங்கள் கணவர் சின்ன வயதில் என்னென்ன சாப்பிட மறுத்தார் என்று மாமியாரிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பிறகு அதட்டல் குறைந்துவிடுகிறது.

கசப்பையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாவி, காய்லான், முட்டைக்கோஸ் எல்லாம் கடுகுக் குடும்பத்துச் செடிகள். அவற்றில் கசப்புச் சத்து உண்டு. அந்தக் கசப்பை எவ்வளவு கூர்மையாக உணர்கிறோம் என்பது மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிகிற கீரை அவனுக்குக் காட்டமாகத் தெரியலாம். “இதுல என்ன கசப்பு?” என்று கேட்பதில் பயனில்லை.

இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அப்படியானால் தாஸ்காவில் மட்டும் இந்தப் பயம் எங்கே போகிறது?

அங்கே ஒரு குட்டை மேசை. காலைத் தரையில் ஊன்றி உட்காரக் குட்டை நாற்காலி. சுற்றிலும் அவன் உயரத்தில் எட்டுப் பத்துப் பிள்ளைகள், எல்லார் முன்னாலும் அதே சூப். இந்தக் கூட்டத்தின் சக்தி சாதாரணமானதல்ல. லீயான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு காயை விரும்பி இன்னொன்றை ஒதுக்கும் பிள்ளையை, அவன் ஒதுக்கும் காயை விரும்பிச் சாப்பிடும் சில பிள்ளைகளோடு நான்கு நாள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலாவது நாளுக்குள் பல பிள்ளைகள் ஒதுக்கிய காயையே முதலில் எடுத்தார்கள். பெரியவர்களுக்கும் இந்தச் சக்தி உண்டு, ஒரு நிபந்தனையோடு: 2005இல் வந்த மற்றோர் ஆய்வில், இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நிறம் சேர்த்த ரவைக் கஞ்சியைப் புது உணவாகக் கொடுத்தார்கள். பெரியவர் பக்கத்தில் சும்மா இருந்தபோதோ வேறு நிறக் கஞ்சியைச் சாப்பிட்டபோதோ பலன் குறைவு. அதே நிறக் கஞ்சியைச் சாப்பிட்டபோதுதான் பிள்ளை துணிந்து வாயில் வைத்தது. பயந்த பிள்ளைக்கு “இது விஷமில்லை” என்று சொல்லத் தேவையில்லை. எதிரில் ஒருவர் அதையே மென்று விழுங்கினால் போதும்.

இப்போது உங்கள் வீட்டு மேசையைப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயாவில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: ஃபெடரல் ஹைவே நெரிசலில் நின்று ஏழு, ஏழரைக்கு வீடு சேர்கிறீர்கள். “முதல்ல பிள்ளைக்குக் கொடுத்துடுவோம்” என்று அவனைத் தனியே உட்கார வைக்கிறீர்கள். மூன்று பெரியவர்கள், ஒரு தட்டு, தின்பவன் ஒருவன். மற்றவர்கள் எல்லாரும் பார்ப்பவர்கள். பெரியவர்கள் ஒன்பது மணிக்குச் சாம்பாரும் கீரையும் சாப்பிடும்போது அவன் தூங்கிப்போயிருப்பான். அம்மாவும் அப்பாவும் கீரை சாப்பிடுகிற காட்சியை அவன் கண்டதே இல்லை என்றால், அந்தப் பச்சை நிறப் பொருள் மனிதர் தின்னக்கூடியது என்று நம்ப அவனுக்கு என்ன ஆதாரம்?

அடுத்த வேறுபாடுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தாஸ்காவில் அவன் வாயை யாரும் எண்ணுவதில்லை. ஆசிரியைக்கு நேரமில்லை. சூப்பை வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார். வீட்டில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வேண்டுதல், ஒரு மிரட்டல், ஒரு கைதட்டல். இவை எல்லாமே அழுத்தம்; அன்பாகச் சொன்னாலும் அழுத்தம்தான். பென்சில்வேனியாவில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூப் கொடுத்து 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு சூப்பைக் கொடுக்கும்போது மட்டும் “சூப்பைக் குடிச்சு முடிச்சிடு” என்று இடையிடையே மரியாதையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். அப்படிச் சொல்லாதபோது பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். சொன்னபோது குறைவாகக் குடித்ததோடு, அதைப் பற்றிக் குறையும் மிக அதிகமாகச் சொன்னார்கள்.

இலஞ்சம் கொடுப்பதும் இப்படித்தான் திரும்பிக் கடிக்கும். “காய் சாப்பிட்டா ஐஸ்கிரீம்” என்று சொல்லும்போது பிள்ளையின் கணக்கு எளிது: ஐஸ்கிரீம் பரிசு என்றால் காய் தண்டனை. பரிசாக வைக்கப்பட்ட தின்பண்டத்தின் மீது ஆசை கூடுவதையும், அதை அடைய விழுங்க வேண்டியிருந்த உணவின் மீது விருப்பம் குறைவதையும் 1984இலும் 1992இலும் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கைப்பேசி வேறு வகை. அது அழுத்தம் கொடுப்பதில்லை, கவனத்தைத் திருடுகிறது. கார்ட்டூன் ஓடும்போது வாய் தானாகத் திறக்கிறது. ஆனால் நாக்கில் என்ன விழுந்தது, வயிறு நிறைந்ததா என்பது அவனுக்குத் தெரிவதில்லை. உணவோடு அறிமுகமே நடக்காததால் நாளைக்கும் அது புது உணவாகவே இருக்கும்.

மூன்றாவது, பசி. தாஸ்காவில் காலையில் பசியாறுவது, மதியச் சாப்பாடு, மாலைத் தீனி எல்லாவற்றுக்கும் மணி உண்டு, நடுவே தண்ணீர்தான். வீட்டில்? காரில் ஏறியதும் ஒரு பாக்கெட் மைலோ, கையில் பிஸ்கட். வீட்டுக்கு வந்ததும் “சோறு ஆகறதுக்குள்ள கொஞ்சம்” என்று பாட்டி கொடுக்கும் ரொட்டி. இரவு சரியாகச் சாப்பிடவில்லையே என்று படுக்கும்போது ஒரு புட்டிப் பால். மைலோ மீது எனக்குக் கோபமில்லை, ஆனால் ஏழு மணிக்குக் குடித்துவிட்டு ஏழரைக்குச் சோற்றின் முன் உட்காரும் பையனுக்குப் பசி எங்கிருந்து வரும்? பாலையும் நாள் ஒன்றுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் வயிற்றை நிரப்பிச் சோறு, பருப்பு, மீனுக்கு இடமில்லாமல் செய்தால் இரத்தச்சோகை வரலாம், இரத்தச்சோகை வந்தால் பசி இன்னும் குறையும்.

நான்காவது சின்னது. தாஸ்காவில் சூப்பைத் தள்ளினால் நகட் வராது. வீட்டில் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

சரி, என்ன செய்வது? அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் 1980களில் ஒரு வேலைப் பிரிவினையை முன்வைத்தார். குழந்தை உணவு ஆலோசகர்கள் பலரும் இன்று அதையே பின்பற்றுகிறார்கள். என்ன சமைப்பது, எப்போது, எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று முடிவு செய்வது பெரியவர் வேலை. வைத்ததில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் வேலை. இவர் வேலையை அவர் செய்யத் தொடங்கும்போதுதான் சண்டை பிறக்கிறது. இன்று உங்கள் வீட்டில் என்ன சமைப்பது என்பதை மகன் தீர்மானிக்கிறான். எத்தனை வாய் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். இரண்டையும் இடம் மாற்றினால் போதும்.

“அவன் இஷ்டத்துக்கு விட்டால் நகட்டிலேயே வளர்வானே?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920களிலும் 30களிலும், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளைப் பல மாதங்கள், சிலரைப் பல வருடங்கள் தங்கள் விருப்பம்போல் சாப்பிட விட்டுப் பார்த்தார். ஒரு நாள் முட்டையாகத் தின்றார்கள், ஒரு நாள் பழமாகத் தின்றார்கள். ஆனால் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். 1939இல் அவர் எழுதிய அறிக்கையில் இதிலிருந்த தந்திரத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: முன்னால் வைத்த 34 உணவுகளுமே எளிமையானவை, சர்க்கரை சேர்க்காதவை. தேர்ந்தெடுத்தது குழந்தை, எவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்பதைத் தீர்மானித்தது பெரியவர். நகட்டை வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பது மூன்றரை வயதுப் பையன் இல்லையே.

நடைமுறையில் இப்படித் தொடங்கலாம். மாலைத் தீனி தாஸ்காவிலேயே முடியட்டும்: ஒரு வாழைப்பழம், அவித்த மரவள்ளிக்கிழங்கு, அல்லது கொஞ்சம் சுண்டல். அதன்பின் இரவுச் சாப்பாடு வரை தண்ணீர் மட்டும். சாப்பாட்டை ஏழரைக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். சமைக்க நேரமில்லாமல் கடையில் டப்பாவ் செய்து (கட்டி வாங்கி) வந்தாலும் பரவாயில்லை. பிரித்துக் கிண்ணங்களில் வைத்து, எல்லாரும் ஒரே மேசையில். வார நாள்களில் கணவருக்கு முடியாவிட்டால் நீங்களும் மாமியாருமாவது அவனோடு சாப்பிடுங்கள். கைப்பேசிகள் எல்லாம் வேறு அறையில், பெரியவர்களுடையதும் சேர்த்து. அவன் கால் தொங்கினால் கீழே ஒரு முக்காலியைப் போடுங்கள். கால் ஊன்றாத பிள்ளைக்கு நிலையாக உட்காரவே பாதிக் கவனம் போய்விடும்.

சோற்றைப் பிசைந்து தராதீர்கள் என்று சொன்னால் பாட்டிக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் புது உணவுக்குப் பயப்படும் பிள்ளைக்குக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு ஒரு புதிர்: உள்ளே கறிவேப்பிலை இருக்கிறதா, கத்தரிக்காய் தோல் இருக்கிறதா என்று தெரியாது. ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக வையுங்கள்: வெள்ளைச் சோறு ஓரம், பருப்பு சின்னக் கிண்ணத்தில், முட்டை ஒரு துண்டு, கேரட் இரண்டு துண்டு. காய்கறியை நசுக்கி நகட்டுக்குள்ளோ தோசை மாவுக்குள்ளோ ஒளித்து வைப்பதையும் நிறுத்துங்கள். கண்டுபிடித்துவிட்டான் என்றால், நம்பிச் சாப்பிட்ட தோசையையும் நாளைக்கு ஒதுக்குவான். காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: காரம் சுவை அல்ல, எரிச்சல். நம் வீட்டுக் கறியில் மிளகாய்த் தூள் போடுவதற்கு முன்பே அவன் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். பருப்பும் முட்டைக்கோஸ் கூட்டும் நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகள் பலர், நாக்கு எரிந்த ஒரே நாளின் நினைவில் குழம்பு வகையையே வெறுக்கிறார்கள்.

எப்போதும் மேசையில் அவன் நிச்சயம் சாப்பிடுகிற ஒரு பொருள் இருக்க வேண்டும். வெறும் சோறோ முட்டையோ போதும். அது அவனுக்கு நம்பிக்கை. மற்றவை எல்லாம் எல்லாருக்கும் பொதுவானவை. அவனுக்கென்று தனியாக எதுவும் பொரிக்க வேண்டாம். சாவி அவன் தட்டில் இரண்டு இலை இருக்கட்டும். சாப்பிடச் சொல்லாதீர்கள், சாப்பிட்டால் புகழாதீர்கள், துப்பினால் முகம் சுளிக்காதீர்கள். துப்ப ஒரு சின்னத் தாள் கொடுத்து வையுங்கள்; துப்பலாம் என்று தெரிந்த பிள்ளை வாயில் வைக்கத் துணிகிறது. அரை மணி ஆனதும் தட்டை எடுத்துவிடலாம். அடுத்த சாப்பாடு வரை வேறு எதுவும் கிடையாது, தண்ணீர் தவிர.

ஒரு காயை எத்தனை முறை வைப்பது? பெரும்பாலான பெற்றோர் மூன்று முதல் ஐந்து முறை வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு இது பிடிக்காது என்று முடிவுகட்டுகிறார்கள். பழகுவதற்குப் பத்துப் பதினைந்து முறை ஆவது சாதாரணம். இலண்டனில் 2003இல் செய்த ஒரு சோதனையில், பெற்றோர் தங்கள் பிள்ளைக்குப் பிடிக்காத ஒரு காயை 14 நாள், நாள் ஒரு துளி, சுவைத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். பதினான்காம் நாள் முடிவில் பிள்ளைகள் அதை விரும்பவும் அதிகம் சாப்பிடவும் தொடங்கியிருந்தார்கள். நீங்களும் ஒரே ஒரு காயைத் தேர்ந்தெடுங்கள். மேசையைவிட்டு வேறு நேரத்தில், பட்டாணி அளவு ஒரு துண்டு, நாக்கால் தொட்டாலும் கணக்கு. தொட்டதற்கு ஒரு ஒட்டுப்படம் கொடுக்கலாம், ஐஸ்கிரீம் கொடுக்கக்கூடாது. சாப்பிட்டதற்கு உணவைப் பரிசாகக் கொடுப்பதுதான் கெடுதல். சுவைத்துப் பார்த்த துணிச்சலுக்கு ஓர் ஒட்டுப்படம் கெடுதல் செய்வதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. திங்கட்கிழமை எஸ்எஸ்2 பாசார் மாலத்துக்கு (இரவுச் சந்தைக்கு) போகிறவர் என்றால், அந்த வாரத்துக் காயை அவன் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் கழுவட்டும், கீரை ஆயட்டும். கையில் பழகியது வாய்க்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

முதல் ஒன்றிரண்டு வாரம் கடினமாகத்தான் இருக்கும். நகட் வரவில்லை என்று அழுவான். ஒரு இரவு வெறும் சோறு இரண்டு வாயோடு எழுந்துவிடுவான். ஆரோக்கியமான பிள்ளைக்கு ஓரிரவு குறைவாகச் சாப்பிட்டதால் தீங்கு வராது. மறுநாள் காலையில் ஈடுகட்டிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்துக் கணக்குப் போடாமல், ஒரு வாரம் முழுக்க என்ன உள்ளே போனது என்று பாருங்கள்.

இனி உங்கள் மாமியார். உங்கள் கடிதத்தில் அவர் தட்டோடு நடக்கும் படம் என் மனத்தில் நிற்கிறது. தோட்டத்திலும் வரிசை வீடுகளிலும் பிள்ளை வளர்த்த தலைமுறைக்கு, ஒல்லிப் பிள்ளை என்றால் காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ தாங்காத பிள்ளை. வாய்க்கு வாய் ஊட்டி உடம்பில் சதை ஏற்றியது அன்று உயிர் காத்த அறிவு. அதைக் குறைசொல்லிப் பேசினால் அவர் மனம் புண்படும், தட்டும் நிற்காது. ஊட்டும் வேலையை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய வேலையைக் கொடுங்கள். வாரச் சமையலைத் தீர்மானிப்பது அவர். கீரை ஆயப் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது அவர். மேசையில் அவன் எதிரில் உட்கார்ந்து அதே கீரையை ருசித்துச் சாப்பிட்டுக் காட்டுவது அவர். “அத்தை, நீங்க சாப்பிடறதப் பார்த்துத்தான் அவன் கத்துக்கணும்” என்று சொல்லிப் பாருங்கள். நான் மேலே எழுதிய 2005 ஆய்வின் சாரம் முழுதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. வளர்ச்சி அட்டையில் பேரன் எடைக்கோட்டில் ஒழுங்காக ஏறுவதை அரசாங்க கிளினிக் தாதியே அவருக்குக் காட்டினால், மருமகள் நூறு முறை சொல்வதைவிட நல்லது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஆராய்ச்சி, நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்று அவர் கேட்டால், ஒரு பதில் கைவசம் இருக்கட்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் 60 கிராமங்களில், 600 தாய்-சேய் ஜோடிகளோடு ஒரு சோதனை நடத்தி 2013இல் முடிவை வெளியிட்டது. கைக்குழந்தைகள்தாம், ஆனால் கற்றுக்கொடுத்தது இதே பாடம். குழந்தையின் முகத்தைப் பார்த்து, பசிக்கும் போதுமென்பதற்கும் அது காட்டும் குறிப்பை உணர்ந்து, வற்புறுத்தாமல் ஊட்டும் முறை. உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பது அதைத்தான். அதைக் கற்ற வீடுகளில் குழந்தைகளின் உணவும் மேம்பட்டது, மனவளர்ச்சி அளவீடும் உயர்ந்தது. அந்தத் தாய்மாரும் நம்மைப் போலச் சோறும் பருப்பும் கையால் ஊட்டுகிறவர்கள்தான்.

ஒன்றில் மட்டும் பொறுமை காக்கக் கூடாது. கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் மேசையைச் சீர்செய்துகொண்டு காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்: எடை கூடாமல் நிற்பது அல்லது குறைவது, விழுங்கும்போது இருமல், புரையேறல், வலி, கெட்டியான உணவு பட்டாலே ஓங்கரித்து வாந்தியெடுப்பது, வெளிறிய உதடும் சோர்வும், பேச்சு, பழக்க வழக்கங்களில் வேறு தயக்கங்களும் சேர்ந்திருப்பது, முன்பு சாப்பிட்ட உணவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, மொத்தமே இருபதுக்குக் கீழ் வந்து நிற்பது. தவிர்ப்பு மிகையாகி உடலையும் வாழ்க்கையையும் பாதிக்கும் நிலைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு: ஆர்ஃபிட். 2013 முதல் அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் மகன் தாஸ்காவில் சூப்பை இரண்டாம் தடவை கேட்கிறான் என்பதால் அது அவனுக்கு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மலச்சிக்கலை மட்டும் கவனியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டியாகப் போகிற பிள்ளைக்குப் பசி இருக்காது. பால் மட்டும் அதிகமாகவும் காயும் தண்ணீரும் குறைவாகவும் உள்ள வீடுகளில் இது சகஜம், பலர் கவனிப்பதும் இல்லை.

பசி மருந்தை நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தப் பாட்டில்களில் சிலவற்றில் இருப்பது ஒவ்வாமைக்குத் தரும் மருந்து. தூக்கம் வருவதும் அதன் விளைவுகளில் ஒன்று. பூச்சி மருந்தும் அப்படியே, மருத்துவர் சொன்னால் கொடுங்கள்.

கிளினிக்குக்குப் போவதாக இருந்தால் மூன்று நாள் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள்: என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று. தாஸ்காவில் சாப்பிட்டதை ஆசிரியையிடம் கேட்டு அதிலேயே சேருங்கள். மைலோ, பால், பிஸ்கட், காரில் கொடுத்த கடலை, எதுவும் விட்டுப்போக வேண்டாம். மருத்துவர் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.